ஓட்டுத்தையல் போட்ட கோட்டு

திருடி என்று சொன்ன வாயாலேயே அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். நகைச்சுவை நடிகர் மாதக்கணக்கில் போடாத நீலக் கோட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார்; உடம்பு பெருத்ததில் தோள்பட்டை பிய்ந்துவிட்டது. ஏழு மணிக்கு அவருடைய டி.வி. நிகழ்ச்சி நேரலை. அந்தக் கோட்டின் வெட்டும் தையலும் அதைத் தைத்தவளைத் தவிர வேறு எவருக்கும் பிடிபடாது. தையல்காரி ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்ப, தங்கை வாசலை மறித்தாள்.

"உனக்கு ரோஷமே இல்லையாக்கா?"

"ரோஷம் நிறைய இருக்கு. கடையிலதான் துணி இல்ல."

பொய்யில்லை. போன வாரம் அந்த மகராசன் அதே நிகழ்ச்சியில், "என் தையல்காரம்மா அளவெடுக்க வந்தாங்க, மோதிரத்தையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லி இரண்டு கைகளையும் மேலே வீசினார். அவர் கை வீசினால் சிரிக்க வேண்டும் என்று ஊருக்கே பழக்கம். சிரித்தார்கள். மறுநாளே பள்ளிக்கூடத்தார் சீருடைத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பக்கத்துத் தெருக்காரி பாதி தைத்த சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். இருபது வருஷமாகக் கட்டிக்காத்த பேர் ஒரே கைவீச்சில் போய்விட்டது. பெரிய மனுஷன் சொன்னால் ஜோக்கு, நாம் சொன்னால் அவதூறு. என்ன நியாயமோ.

ஒப்பனை அறையில் அவள் பிய்ந்த தோள்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கோட்டின் உள்பக்கம், முதுகுப்புறம், மைக் பெட்டிக்காக அவளே தைத்த சின்னப் பை ஒன்று உண்டு. மைக் மாட்டும் பெரியவர் பெட்டியைச் செருகுமுன் வழக்கம்போல அதில் விரலை விட்டுப் பார்த்தார். விரலோடு மோதிரமும் வந்தது.

நடிகரின் முகம் சுண்டிப்போனது. "அட, கடைசியா இதைப் போட்டப்ப நான்தான்... பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன். போன வாரம்தான் காணோம்னு தேடினேன்."

தையல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழுவதாவது என்று விழுங்கிக்கொண்டாள்.

நடிகரின் மேனேஜர் குழைந்தார். "விடுங்கம்மா, அதான் கிடைச்சிருச்சே. சார் வாய் தவறிச் சொல்லிட்டார். தனியா மன்னிப்புக் கேட்டுடுவார்."

"தனியாவா சொன்னார், தனியா கேக்கறதுக்கு?"

"அவர் லெவலுக்கு..."

"அவர் லெவலாலதானே ஊரே நம்புச்சு? அதே இடத்துல, அதே வாயால, நான் எடுக்கலன்னு சொல்லட்டும்."

"சொல்றேம்மா," என்றார் நடிகர். "முதல்ல தைச்சுக் குடுங்க."

பத்தே நிமிடத்தில் கோட்டை மாட்டிவிட்டாள். "சார், இது வெறும் ஓட்டுத்தையல். கையத் தூக்கினீங்கன்னா பிரிஞ்சுரும். இடைவேளைக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க, இடைவேளையில நான் கெட்டித்தையல் போட்டுடறேன்."

"மிரட்டுறீங்களா?" என்றார் மேனேஜர்.

"இருந்த நேரத்துக்கு இவ்வளவுதாங்க வரும்," என்றாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. பாதி உண்மைதான். பெரியவர் சிரிப்பை மறைக்க மைக் வயரைத் தேடிக் குனிந்துகொண்டார்.

நேரலை தொடங்கியது. நடிகர் கையைத் தொடையோடு ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். "மோதிரம் கிடைச்சிருச்சுங்க. திருடன் யாரு தெரியுமா? இந்தக் கோட்டு." கூட்டம் கொல்லென்று சிரித்தது. பழக்கதோஷம், வலது கை எழும்பியது. தோளில் நூல் 'டப்' என்று அறுந்தது. கை பாதியிலேயே நின்றது.

மேடை ஓரத்தில் அவள் ஊசியில் நூல் கோத்தபடி நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

நடிகர் கையை மெல்ல இறக்கினார். "ஜோக்கு இல்லீங்க. மோதிரத்தை அங்க வச்சது நான், மறந்தது நான். அந்தம்மா எடுக்கல. ஒரு வார்த்தை விசாரிக்காம அவங்களைத் திருடியாக்கி உங்களைச் சிரிக்க வச்சேன். தப்பு என்னுது. மன்னிச்சிருங்கம்மா."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. இப்போது அழுதாள், எவர் பார்த்தால் என்ன.

இடைவேளையில் கெட்டித்தையலாகவே போட்டாள். வழக்கத்தைவிட நாலு குத்து கூடுதலாக.

"இனிமே கையத் தூக்கலாமா?" என்று நடிகர் பயந்துகொண்டே கேட்டார்.

"தாராளமா தூக்குங்க சார். வாயைத்தான் பாத்துக்கணும்."

அவள் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. தங்கை மூச்சிரைக்கப் பேசினாள்.

"அக்கா, பக்கத்துத் தெருக்காரி அந்தச் சட்டையைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறா. என்ன சொல்ல?"

"உக்காரச் சொல்லு," என்றாள் தையல்காரி. "நான் மெதுவா வரேன்."