மெழுகு மூக்கு

கோர்பினியன், யேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக இரண்டு முறை நடித்தவன். பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஜெர்மனியின் அந்தப் பவேரியக் கிராமம், யேசு சிலுவையில் மாண்ட கதையைத் திறந்தவெளியில் பாஸ்கா நாடகமாகப் போடும். யாருக்கு என்ன வேடம் என்பதை மூக்குதான் முடிவு செய்யும். கோர்பினியனுடையது நடுவில் புடைத்து நுனியில் வளைந்தது. ஊரில் ஒரு யூதர்கூட இல்லை, யாரும் பார்த்ததும் இல்லை. ஆனால் யூதன் எப்படி இருப்பான் என்பது எல்லோருக்கும் அத்துப்படி.

நாடகம் முடிந்தாலும் வேடம் கலையாது. அவன் மகள் வால்புர்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், "யூதாஸ் வீட்டுச் சம்பந்தம் வேணாம்ப்பா" என்று பீரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அந்த ஊரில் பீரை மிச்சம் வைப்பது சாதாரண அவமானம் இல்லை. இந்த முறை யேசு வேடம் வாங்கினால்தான் அவளுக்குக் கல்யாணம் என்று, தாடியை வளர்த்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனான்.

"உனக்கு யேசு முகம் இல்லையேப்பா," என்றார் சாமியார்.

"யேசுவும் யூதர்தானே சாமி?"

"அது அம்மா வழியில."

"அப்பா வழியில?"

"பரலோகம். உன் மூக்கு எந்த வழியில வந்துச்சுன்னுதான் தெரியல."

நாடகத்துக்கு முந்தின நாள், யேசுவாக நடிக்க இருந்த பால்பண்ணைக்காரர் மகனைக் குதிரை உதைத்துவிட்டது. வசனம் முழுக்கத் தெரிந்த இன்னொருவன் கோர்பினியன் மட்டுமே. சாமியார் ஒரு வழி கண்டார். பீடத்து மெழுகுவர்த்தியை உருக்கி மூக்கின் பள்ளங்களை நிரப்பினார்கள். நேராகிவிட்டது. தலைக்குப் பொன்னிற விக், தாடிக்கு அதே நிறத்தில் சாயம்.

"இப்பத்தான்டா நாசரேத்து ஆளு மாதிரி இருக்க."

சிலுவையில் ஏற்றும்போது உச்சிவெயில். மெழுகு இளகி உதட்டில் வழிந்தது. மூக்கு பழையபடி எட்டிப் பார்த்தது. கூட்டம் முணுமுணுத்தது. வால்புர்காவின் பக்கத்தில், புதிதாகச் சம்பந்தம் பேச வந்த அம்மாள் எழுந்து நின்றாள்.

"என்ன அநியாயம் இது. நம்ம ஆண்டவர் தொங்க வேண்டிய எடத்துல ஒரு யூதனைத் தொங்கவிட்டிருக்காங்க."

மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பெஞ்சில் வால்புர்கா மட்டும் இருந்தாள்.

அடுத்த வசனம், இந்த ஜனங்களை மன்னிக்கும்படி பிதாவிடம் வேண்டுவது. மேடைக்குப் பின்னாலிருந்து சாமியார் எடுத்துக்கொடுத்தார். "மன்னியும்... டேய், மன்னியும்..."

கோர்பினியன் தலையை ஆட்டி, மூக்கு நுனியில் தொங்கிய கடைசிச் சொட்டை உதறினான்.

"இருங்க சாமி," என்றான். "யோசிச்சுச் சொல்றேன்."