விழுந்ததற்குச் சாட்சி இல்லாத சீலிங்

1.

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. வீட்டுக் கட்டடக் காப்பீட்டுப் படிவம். ‘சேதம் நேர்ந்த விதம்’ என்று போட்டு, கீழே நான்கு கோடுகள். நான்கு கோட்டுக்குள் எங்கள் அப்பா அடங்கமாட்டார்.

முதல் தொடக்கம்: அன்று வானம் கருத்து, இடி

(வேண்டாம். வெடித்தது குழாய். வானத்துக்குச் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: மாடிக் குழாய் வெடித்து, சமையலறை சீலிங் பூச்சு பெயர்ந்து அடுப்பின்மேல் விழுந்தது.

(இருக்கட்டும். உண்மை.)

2.

காப்பீட்டை வீட்டாருக்குப் புரியவைக்கும் பொறுப்பு, கல்லூரியில் படிக்கிற பாவத்துக்கு, என் தலையில். விடுதியிலிருந்து போனில் விளக்கினேன்: “பீரோ, பாத்திரம்லாம் சேராதும்மா. சுவர், கூரை, தரை, குழாய், இதுக்குத்தான். அடுத்த வாரம் கம்பெனி சர்வேயர் சேதத்தைப் பாக்க வருவார்.” சர்வேயர் பார்க்கும்வரை எதையும் சரிசெய்யக் கூடாது என்ற பாலிசியின் பதினோராம் பக்கத்தை மட்டும் சொல்லவில்லை.*

“ஐயையோ, வர்ற மனுஷன் வீட்டை இந்தக் கோலத்துலயா பாக்கறது?” என்றாள் அம்மா.

அப்பா கொத்தனார். மேற்கொண்டு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

* படித்தால்தானே சொல்வதற்கு.

3.

அன்றைக்கு நானும் விடுதியிலிருந்து வந்திருந்தேன். சர்வேயர் அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலிக்கும்வரை பார்த்தார்.

“எங்கங்க விழுந்துச்சு?”

“கண்டுபிடிங்க பாக்கலாம்” என்றார் அப்பா.

“பெயர்ந்த காரை?”

“கொட்டியாச்சு. வெடிச்ச குழாயையும் கழட்டி அதோட போட்டாச்சு.”

“போட்டோவாவது?”

“அந்த அலங்கோலத்தை யாராவது போட்டோ எடுப்பாங்களா?” என்றாள் அம்மா.

சர்வேயர் நல்லவர். (இவ்வளவு நல்லவரை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.) “புதுப்பூச்சு பழசோட சேர்ற இடத்துல ஒரு மேடு, ஒரு கோடு தெரிஞ்சாப் போதும். காட்டுங்க, எழுதிடறேன்.”

அதாவது, அப்பா தன் வேலையில் ஒரு குறை காட்டினால் பணம் வரும். வந்தால் புதுக் குழாய். அதுவரை பக்கத்து வீட்டிலிருந்து அம்மாதான் குடம் குடமாகச் சுமக்கிறாள்.

“என் வேலைலயா? குறையா?”

“அதோ, அந்த மூலைல கோடு!” என்றாள் அம்மா.

“அது நிழல்டி.”

“பணம் வந்தா கோடு. வராட்டி நிழல்.”

4.

முடிவு அ: அப்பா மனமிரங்கி, ஆமாம், அந்த இடத்தில் மட்டும் கை கொஞ்சம்

(அவரை இருபது வருடமாகத் தெரியும். இந்த முடிவை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: நான் சுத்தியலை எடுத்து

(சர்வேயர் என்னையே பார்க்கிறார்.)

என்னிடம் வேறு முடிவு இல்லை. ஏணி போட்டிருக்கிறது, சர்வேயர் டார்ச்சை உங்களிடம் நீட்டுகிறார். ஏறிப் பாருங்கள். கோடு தெரிந்தால் தயங்காமல் உரக்கச் சொல்லுங்கள்.

சொல்வதற்குமுன் ஒன்று. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அப்பா.