பத்துக்கு எத்தனை

ஜெயமலர் என் கணவரின் தங்கை. நாற்பது வருடமாக எனக்கு அவளைப் பிடிக்காது. போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே கனடாவில், றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையாருக்கு முன்னால் அவள் மூன்று தோப்புக்கரணம் போட்டு எழும்பியதைப் பார்த்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

இருவருக்கும் வயதில் எலும்பு உக்கி மெலிந்துதான் முள்ளந்தண்டு நொறுங்கியது. எனக்கு அரிசிப் பையைத் தூக்கும்போது, அவளுக்குத் தும்மும்போது. தும்மி முறிந்த எலும்புக்கு ராஜவைத்தியம்! முதுகில் இரண்டே இரண்டு ஊசித் துளை. அதன் வழியே சின்னப் பலூனை விட்டு ஊதி, நொறுங்கிய எலும்பைத் தூக்கி, உள்ளே சீமெந்து விட்டார்களாம். அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டாளாம். நானோ மூன்று மாதமாக நாரியில், இடுப்புக்குப் பின்னால், பட்டி கட்டிக்கொண்டு, கோயிலிலும் உட்காரக் கதிரை தேடுகிறேன்.

எனக்கு ஏன் செய்யவில்லை? என் வாய்தான் காரணம். முதல்தடவை டொக்டரிடம் போன அன்று மகன் ராகுலனுக்கு ஒஷாவாவில் வேலை. மொழிபெயர்க்க வந்தவள் ஜெயமலர். பத்துக்கு எத்தனை நோ, எவ்வளவு வலி என்று டொக்டர் கேட்டார். அவளுக்கு முன்னால் நான் முனகுவேனா? இரண்டு என்றேன். அப்படியென்றால் தானாக ஆறிவிடும் என்று அனுப்பிவிட்டார். பிறகு தன் முள்ளந்தண்டு நொறுங்கிப் போனபோது அவள் கொஞ்சமும் வெட்கப்படாமல் ஒன்பது என்று அழுதிருக்கிறாள்.

நேற்று மறுபடியும் அவளோடுதான் போனேன். புதிய ஸ்கானிலும் எலும்பு பொருந்தவில்லை. நோ தாங்க முடியாவிட்டால் சீமெந்து வைக்கலாம், இல்லாவிட்டால் பட்டியோடு இன்னும் பார்ப்போம் என்றார் டொக்டர்.

"மச்சாள், பத்துக்கு எத்தினை எண்டு கேக்கிறார்."

ஒன்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து இருந்தாள். அந்த நிமிர்வு என் வாயை அடைத்தது.

"இரண்டுதான். முந்தின மாதிரித்தான். நான் தாங்குவன்."

ஜெயமலர் டொக்டர் பக்கம் திரும்பி, "நைன்" என்றாள். அதற்குமேலும் என்னவோ நிறையச் சொன்னாள்.

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் எண்கள் தெரியும். இல்லை என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். நான் ஆட்டவில்லை. சீமெந்து வைக்க டொக்டர் அடுத்த மாதத்துக்குத் திகதி எழுதித் தந்தார்.

வெளியே வந்ததும், "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று பாய்ந்தேன்.

"நீங்கள் கார்க் கதவைப் பிடிச்சுக்கொண்டு இறங்கினதைப் பாத்தனான் மச்சாள். உந்த நோ எனக்கும் தெரியும்தானே."

அடுத்த மாதம் நானும் நிமிர்ந்துவிடுவேன். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணமும் போடுவேன். அவள் வாங்கித் தந்த நாரியோடுதான் போடவேண்டும் என்று நினைக்கத்தான் வயிறு இன்னும் எரிகிறது.