டொக்டர் சுகமோ

1

இந்தக் கதை ஒரு மோர்மிளகாயிலை இருந்து தொடங்கினது. பொரிச்ச மோர்மிளகாய். ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக் கடையிலை, சின்னச் சோசர் ஒண்டிலை, அப்பாவின்ரை ஸ்பகெற்றிக்குப் பக்கத்திலை வந்து இருந்தது. முன்கூட்டியே சொல்லிப்போடுறன், இதிலை வாற அப்பா என்ரை சொந்த அப்பா. பெயரை மட்டும் கனகரத்தினம் எண்டு மாத்தியிருக்கிறன். சுவிசிலை ஆராவ் நகரத்துப் பக்கத்துச் சனத்துக்கு ஆள் ஆரெண்டு எப்பிடியும் விளங்கும். விளங்கட்டும்.

தமிழிலை எழுதுறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. இதை ஜேர்மனிலை எழுதினால், "பாவம் இந்தப் பிள்ளை" எண்டு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு, கையிலை மைக்கைத் தந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேப்பினம். எனக்கு அந்தப் பரிதாபம் வேண்டாம். அப்பா பயப்பிடுறது வெள்ளையளுக்கு இல்லை. உங்களுக்கு.

2

முதல் எழுதின தொடக்கம்:

"பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை நண்பகலில், முதியவர் ஒருவர் தம் மகளுக்காகக் காத்திருந்தார். அவருடைய கண்களில்..."

அவருடைய கண்களிலை ஒண்டும் இல்லை. கண்ணாடிதான் இருந்தது. வெட்டிப்போட்டன்.

ரெண்டாவது:

"ரொசானாவின் உணவகத்தில் வெளியூரார் எவரும் உண்பதில்லை. தீயணைப்புப் படையினர், தச்சர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் என அக்கிராமத்தவரே மதியந்தோறும் வந்து..."

இது பரவாயில்லை. ஆனால் சுற்றுலாக் கையேடு மாதிரிப் போகுது. (அப்பா வாசிச்சால் "பரவாயில்லை" எண்ட சொல்லுக்குக் கீழை சிவப்புக் கோடு போடுவார். பிறமொழிச் சொல்லாம். முப்பது வருசமாய்ச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை வாத்தியார் அவர். எனக்கும் அவர்தான் படிப்பிச்சவர். "என்று" எண்டு எழுதவேண்டிய இடமெல்லாம் "எண்டு" எழுதுறது தெரியாமல் இல்லை. வேணுமெண்டு.)

3

சரி, நேரை சொல்லுறன்.

நான் சுபேசனைக் கலியாணம் கட்டினன். லோசானிலை பிறந்த பெடியன், ஆஸ்பத்திரியிலை பிசியோதெரபிஸ்ற். அவையின்ரை வீட்டாக்கள் முதல்முதல் எங்கடை வீட்டை வந்து இருந்தவுடனை அப்பா கேட்டது, "ஊரிலை எந்தப் பகுதி?" சுபேசன்ரை தகப்பன் ஊரின்ரை பெயரைச் சொன்னார். "அது தெரியும். அதிலை எந்தப் பக்கம்?" எண்டார் அப்பா. அந்தாள் தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே மேசையிலை வைச்சிட்டு எழும்பிவிட்டார். உங்களுக்கு இதுக்கு மேலை விளக்கம் தேவையில்லையெல்லோ. ஜேர்மனிலை எழுதினால் இந்த இடத்திலை மூண்டு பக்கம் சாதியைப் பற்றிப் பாடம் எடுக்கவேணும்.

(ஒரு வெள்ளையைக் கட்டியிருந்தால் அப்பா ரெண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைச்சிருப்பார். பிறகு மருமகனுக்கு வேட்டி கட்டிவிட்டு, படமும் எடுத்து ஊருக்கு அனுப்பியிருப்பார்.)

கோயில் மண்டபத்திலை, நாலு பேருக்கு முன்னாலை, "எனக்கு மகள் எண்டு ஒருத்தி இல்லை" எண்டு சொன்னவர். சொல்லிக் கொஞ்ச மாதத்திலை எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறன். வந்தியெண்டால் சாப்பிடலாம்."*

இடம் பாத்த விதத்தைக் கேளுங்கோ. சுவிசிலை இத்தாலிக் கடை எண்டால் குசினிக்குள்ளை எங்கடை ஆள் ஒருத்தர் நிப்பார். பீற்சா போடுறதும் அவர்தான், கோப்பை கழுவுறதும் அவர்தான். அப்பாவுக்கு இது வடிவாய்த் தெரியும், வந்த புதுசிலை அவரும் அப்பிடி ஒரு குசினியிலை நிண்டவர். அதாலை பஸ்ஸிலை ஏறி ஊர் ஊராய்த் திரிஞ்சு, குடும்பமாய் நடத்திற, வெளியாள் ஒருத்தரையும் வேலைக்கு வைக்காத கடையொண்டைத் தேடிப் பிடிச்சார். ரொசானா சமைப்பா. மகன் டாரியோ பரிமாறுவான். சொந்தக் குடும்பத்தை ஒளிச்சு வைக்க அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் தேவைப்பட்டது. (இந்த வசனம் எனக்கே நல்லாய்ப் பிடிச்சிருக்கு. அதாலைதான் கொஞ்சம் சந்தேகமாயும் இருக்கு.)

* அம்மா இந்தக் கதையிலை இல்லை. அவ கிழமைக்கு ஒருக்கா வட்ஸ்அப்பிலை வந்து என்னை வாய் நிறையத் திட்டுறா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கத் திட்டுறா. எனக்கு அது ஆறுதல்.

4

கடை நல்ல கடை, பொய் சொல்லக்கூடாது. வாசலுக்குக் கிட்ட ஒரு வட்ட மேசை, அது ஊராக்களுக்கெண்டு காலாகாலமாய் விட்டது. எங்களுக்குக் குசினி யன்னலுக்குப் பக்கத்திலை ரெண்டு பேர் மேசை. டாரியோ வந்து "வீ இம்மர்?" எண்டு கேப்பான், வழமை மாதிரித்தானோ எண்டு. "யா, வீ இம்மர், ஆனால் உறைப்பாய்" எண்டுவார் அப்பா, கதிரையிலை நிமிந்து இருந்துகொண்டு. ஒரு கடையிலை வழமையான ஆளாய் இருக்கிறதிலை அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

அங்கைதான் அப்பா என்னைக் காட்டி "மைனெ டொஹ்டர்" எண்டு சொல்லுவார். என்ரை மகள். பாலம் கட்டுற இஞ்சினியர், பிரெஞ்சும் கதைப்பா எண்டெல்லாம் சொல்லுவார். வட்ட மேசைக்காரர் திரும்பிப் பாத்து எனக்குக் கிளாசைத் தூக்கிக் காட்டுவினம்.

இஞ்சை ஒரு சின்னத் தமிழ்ப் பாடம். மகளுக்கு ஜேர்மன் சொல் "டொஹ்டர்". நடுவிலை வாற ஹ் தொண்டைக்குள்ளாலை காறிக்கொண்டு வரவேணும். அப்பாவுக்கு வராது. நான் கிண்டர்கார்டன் போகேக்கை எனக்குக் காய்ச்சல் எண்டு ரீச்சருக்குப் போன் எடுத்து "மைனெ டொக்டர் கிராங்க்" எண்டிட்டார். என்ரை டொக்டருக்குச் சுகமில்லை. ரீச்சர், டொக்டர் கெதியாய்ச் சுகமாகவேணும் எண்டு வாழ்த்துச் சொன்னா. அதுக்குப் பிறகு கன காலம் வீட்டிலை எனக்கு டொக்டர் எண்டுதான் பட்டம்.

எழுத்திலையும் அவர் ஹ போடவிடமாட்டார். வடவெழுத்தாம். ஹ வாற இடத்திலை க போடு எண்டு என்ரை கட்டுரையளை வெட்டுவார். அவரின்ரை சட்டப்படி எழுதினால் மகளும் டொக்டரும் ஒரே எழுத்துத்தான். (இதை மறந்துபோடாதேங்கோ. பிறகு தேவைப்படும்.)

ஜேர்மனிலை இவ்வளவு தாராளமாய் மகள் எண்ட மனிசன், தமிழிலை என்னைப் "பிள்ளை" எண்டுதான் கூப்பிடுவார். அதுவும் குரலைத் தாழ்த்தி. பிள்ளை எண்டு ஆரையும் கூப்பிடலாம்.

5

ரொசானாவுக்கு இடுப்பிலை ஒப்பரேசன். டாரியோ குசினிக்குப் புதுசாய் ஒரு ஆளை எடுத்திருந்தான். எங்களுக்கு அது தெரியாது.

அண்டைக்கு டாரியோ ரெண்டு கோப்பை ஸ்பகெற்றியோடை அந்தச் சோசரையும் கொண்டுவந்து வைச்சான். "குசினியிலை இருந்து, உங்களுக்கெண்டு ஸ்பெசலாய்" எண்டு சிரிச்சான். உறைப்பு எண்டு கேட்டமெல்லோ. பொரிஞ்ச தயிர் மணம் மேசை முழுக்க.

அப்பா அந்த மிளகாயைப் பார்த்த பார்வை, ஒரு...

உவமை வரேல்லை. விடுறன். அப்பா கடுதாசித் துவாயை எடுத்துச் சோசரை மூடினார்.

"எழும்பு, போவம்."

"அப்பா, இப்பதான் சாப்பாடு வந்தது."

"எழும்பு எண்டு சொல்லுறனெல்லோ."

அதுக்குள்ளை குசினிக் கதவு திறந்தது. ஏப்பிரனிலை கையைத் துடைச்சுக்கொண்டு சிவலிங்கம் அண்ணை வந்தார். நல்ல மனிசன், அதைச் சொல்லத்தான் வேணும். இந்தக் கதையிலை ஆரும் கெட்டவன் வேணுமெண்டால் அவரிட்டைத் தேடாதேங்கோ.

"வணக்கம் மாஸ்டர். யன்னலுக்குள்ளாலை கண்டனான். என்ரை பெடியனும் உங்களிட்டைச் சனிக்கிழமையிலை படிச்சவன். வீட்டிலை இருந்து கொண்டந்த மிளகாய், உங்களுக்கும் ரெண்டு பொரிச்சன்."

"ஓம், ஓம். சந்தோசம்" எண்டார் அப்பா.

சிவலிங்கம் அண்ணை என்னைப் பாத்துச் சிரிச்சார். பிறகு எல்லாரும் கேக்கிற மாதிரி, ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டார்:

"இது ஆர் மாஸ்டர், மகளோ?"

6

இந்த இடத்திலை நான் கன நாள் நிண்டுபோட்டன். எழுதிப் பாத்ததுகள்:

(அ) அப்பா என்ரை தோளிலை கையை வைச்சு, "ஓம், என்ரை மகள்" எண்டார்.

அப்பா ஒரு நாளும் என்ரை தோளிலை கை வைச்சதில்லை. பொய்.

(ஆ) அப்பா "இல்லை" எண்டார். நான் எழும்பி, கடை முழுக்கக் கேக்க ரெண்டு பாசையிலையும் கத்திப்போட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன்.

இது எனக்கு நல்ல விருப்பம். நடக்கேல்லை.

(இ) நான் முந்திக்கொண்டு "ஓம் அண்ணை, மகள்தான்" எண்டன்.

ஏன் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு கேப்பீங்கள். அவர் சொல்லவேணும் எண்டு இருந்தன். மாசா மாசம் லோசானிலை இருந்து ரெயின் ஏறி வாறது ஸ்பகெற்றிக்கு இல்லை. ஒருக்காலெண்டாலும், எங்கடை ஆள் ஒருத்தருக்கு முன்னாலை, தமிழிலை, அந்தச் சொல்லை அவரின்ரை வாயாலை கேக்கவேணும்.

நடந்தது இதுதான். அப்பா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு சொன்னார்:

"டொ...டர்."

நடுவிலை என்ன எழுத்து எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாய்த் தெரியாது. அந்த மேசையிலை இருந்து எத்தினையோ தரம் "மைனெ டொஹ்டர்" எண்டு சொன்ன வாய். பழக்கத்திலை நாக்கு அங்கை போயிருக்கலாம். இல்லாட்டி, மாட்டுப்பட்ட நேரத்திலை நல்ல சாட்டொண்டு கையிலை அம்பிட்டிருக்கலாம்.

சிவலிங்கம் அண்ணைக்கு அது டொக்டர் எண்டுதான் கேட்டது. "ஓ, டொக்டரோ" எண்டு கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வெக்கப்பட்டுக்கொண்டு வலக்கையை நீட்டினார். "சட்டி தூக்கித் தூக்கி இந்த மணிக்கட்டு விறைக்குது டொக்டர். ஒருக்காப் பாப்பீங்களோ?"

நான் அப்பாவைப் பாத்தன். திருத்துவார் எண்டு பாத்தன். ஊர்ப் பிள்ளையள் எல்லாரின்ரையும் எழுத்துப் பிழை திருத்தின மனிசன். அவர் முள்ளுக்கரண்டியிலை ஸ்பகெற்றியைச் சுத்திக்கொண்டிருந்தார். சுத்தினார், சுத்தினார், வாயிலை வைக்கேல்லை.

நான் அந்த மணிக்கட்டைப் பிடிச்சுப் பாத்தன். "பாரம் தூக்கிறதைக் குறையுங்கோ அண்ணை. உங்கடை வீட்டு டொக்டரிட்டையும் ஒருக்காக் காட்டுங்கோ" எண்டன். மணிக்கட்டு நோவுக்கு என்ன செய்யவேணும் எண்டு உண்மையாய்த் தெரிஞ்ச ஆள் என்ரை வீட்டிலை இருக்கிறார். அவரின்ரை பெயரை அந்த மேசையிலை சொல்லேலாது.

சிவலிங்கம் அண்ணை உள்ளை போனாப் பிறகு அப்பா கேட்டார், "சாப்பிடன், ஆறுதெல்லோ?" எனக்கு அவரிலை வந்த கோவத்தை எழுதத் தமிழ் காணாது. இல்லை, காணும். தூசணம் போட்டால் பத்திரிகையிலை போடமாட்டினம், அதுதான்.

7

பிறகு அப்பா போன் எடுத்தார். "இனி அங்கை சரிவராது. எங்கடின் பள்ளத்தாக்கிலை, மலைக்குள்ளை, ஒரு கடை இருக்காம்."

"எங்கடினிலை ஹோட்டல் குசினியளிலை நிக்கிறது ஆர் எண்டு நினைக்கிறியள்?"

"அப்ப நீ சொல்லு பிள்ளை. எங்கை போறது?"

"உங்கடை வீட்டை" எண்டன்.

போன் நிண்டிட்டுது. அவர் வைச்சாரோ, லைன் போச்சுதோ தெரியாது. அதையும் ரெண்டு விதமாய் எழுதலாம், எழுத மனமில்லை. அதுக்குப் பிறகு அவர் எடுக்கேல்லை. டாரியோதான் ஒருக்கா எழுதியிருந்தான், வழமையான மேசை சும்மா இருக்கு, அப்பாவுக்குச் சுகமில்லையோ எண்டு.

முடிவு என்னட்டை இல்லை. அவர் பயப்பிடுற அந்த நாலு பேரிட்டை இருக்கு. ஒருத்தர் சிவலிங்கம் அண்ணை. மிச்ச ஆக்கள் இதை இப்ப வாசிச்சுக்கொண்டிருக்கிறியள்.

அவரைக் கோயிலிலை காணுவீங்கள், தமிழ்க்கடையிலை காணுவீங்கள், பள்ளிக்கூட வாசலிலை காணுவீங்கள். கண்டால் புத்தி ஒண்டும் சொல்லவேண்டாம். "மாஸ்டர், டொக்டர் சுகமோ?" எண்டு மட்டும் கேளுங்கோ.

"எந்த டொக்டர்?" எண்டு கேட்டாரெண்டால், மேலை "டொ...டர்" எண்டு நான் விட்ட இடத்திலை க் போட்டு, கதையை மூடிவிடுங்கோ.

"ஓம், சுகமாய் இருக்கிறா" எண்டாரெண்டால், விடாதேங்கோ. அவ உங்களுக்கு ஆர் எண்டு கேளுங்கோ. மனிசன் உடனை ஜேர்மன் பாசைக்குத் தாவப் பாக்கும். மறுமொழியைத் தமிழிலை வாங்குங்கோ.