ஜவ்பர் நானா சொன்ன ‘வாறன்’

“இழு தங்கச்சி, இழு! பத்து எண்ணுவன். அதுக்கு மேல என்னால ஏலாது!”

கிறிஸ்தோபரின் தோளில் ஐஸ் பக்டரியின் கூரை உத்தரம் கிடந்தது. உத்தரத்தின் மேல் பாதிக் கூரை கிடந்தது. சுஹைரா ஈரத் தரையில் தவழ்ந்துபோய், ஓட்டுக் குவியலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தாள். கால்கள் றுவைஸினுடையவை. இடுப்பு வந்தது. சாம்பல் நிற மழைக்கோட்டு வந்தது. கடைசியில் தலையும் வந்தது.

“ஆறு... ஒன்பது...”

“அண்ணை, ஏழு எட்டு எங்க போச்சு?” என்றான் றுவைஸ், வாயிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் துப்பியபடி.

“பத்து!”

மூவரும் வாசலுக்கு வெளியே ஒருவர்மேல் ஒருவராக விழ, பின்னால் கூரை முழுதாக இறங்கியது. மீன்துறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, சுற்றிநின்று, போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. மலையைத் தூக்குகிற ஆளுக்கு யார் கை கொடுப்பது?

கிறிஸ்தோபர் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். “ஐம்பத்தாறு வயசு எனக்கு. இந்த வயசில என்ட சித்தப்பா பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்தவர்.”

இருபத்தொரு வருடங்களுக்கு முன் கடல் பொங்கிவந்த அந்த மார்கழி ஞாயிறன்று, திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய கரைகளில் நாலு பேரை அலை கொண்டுபோனது. மூன்றாம் நாள் நாலு பேரையும் உயிரோடு ஒரே இடத்தில் கொண்டுவந்து போட்டது. சும்மா போடவில்லை. கிறிஸ்தோபர் அன்றிலிருந்து எதையும் தூக்குவார். றுவைஸ் அரை மணி நேரம் நீருக்கடியில் மூச்சில்லாமல் இருப்பான். சுஹைராவுக்கு கொட்டியாரக் குடாவின் அக்கரையில் இருமுவது இக்கரையில் கேட்கும். ஜவ்பர் நானா ஒருவரின் கையைப் பிடித்தால் போதும், அந்த ஆள் மனதில் மறைத்து வைத்திருக்கும் பொய் அவருக்குத் தெரிந்துவிடும். பெருநாளில் அவரோடு கைகோத்து முஸாபஹா செய்ய ஊரில் பாதிப்பேர் பயந்தார்கள்.

ஊர் அவர்களை ‘நால்வர்’ என்றது. போன வெள்ளிக்கிழமையோடு மூவர்.

நானாவின் உடலை இந்த ஐஸ் பக்டரியின் குளிர் அறைக்குள்தான் கண்டெடுத்தார்கள். பின்மண்டையில் ஒரே அடி. அதன் பிறகு அடிமேல் அடி. திங்கட்கிழமை சுஹைராவின் ஓட்டோ சீற்றுக்கு அடியில் நாலு பஸ் ஹோர்ன்களை வைத்து ஒன்றாக அலறவிட்டார்கள். இரண்டு நாள் அவள் காதில் இரத்தம் கசிந்தது. செவ்வாய்க்கிழமை றுவைஸ் குறிஞ்சாக்கேணிக் களப்பில் முழுகி எழும்பியபோது கரையில் நாலு பேர் தடிப்பொல்லோடு நின்றார்கள். நீண்ட முழுக்குக்குப் பிறகு மூன்று நிமிடம் அவனால் விரலைக்கூட அசைக்க முடியாது. இன்றைக்கு, வியாழக்கிழமை, நானா கிடந்த இடத்தைப் பார்க்க வந்த மூவர் மேலும் உத்தரம்.

றுவைஸ் விழுந்து கிடந்த உத்தரத்தின் முனையைத் தடவிப் பார்த்தான். முக்கால்வாசிக்கு வாள் போட்டிருந்தது. மரத்தூள் இன்னும் வெள்ளையாக இருந்தது.

“அண்ணைட பத்து எண்ணிக்கை ஆருக்குத் தெரியும்?” என்றான் அவன். “அந்த முழங்கால் பத்துக்கு மேல தாங்காதெண்டு?”

“உனக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியும். சுஹைரா ராத்தாக்குத் தெரியும். நானாக்குத் தெரியும், அவர் மௌத்து. மிச்சம் நீங்க.”

“என்ன கதை கதைக்கிறாய்? என்ட தலையில நானே கூரையைப் போட்டனானோ?”

“தூக்கத் தெரிஞ்ச ஆளுக்குப் போடவும் தெரியும்தானே.”

“டேய், உன்னைக் கரையில நாலு பேர் பொல்லோட நிண்டு அடிச்சவங்கள் எண்டாய். முகத்தில ஒரு காயமில்ல. அது என்ன மயிலிறகுப் பொல்லோ?”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க,” என்றாள் சுஹைரா. சத்தம் போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. “எனக்குக் காது நோகுது.”

அவர்கள் சண்டை புதிதல்ல. போன வருடம் முழுக்க நால்வரும் போதைத் தூள் கடத்துகிற படகென்று பாய்ந்த படகெல்லாம் வெறும் படகாகவே இருந்தது. யாரோ முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரென்று கேட்காமல் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையே அவர்களை அடியைவிட அதிகமாகக் களைக்க வைத்தது.

ஆனால் சுஹைராவின் தலைக்குள் இப்போது வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கூரை விழுந்தும் பக்டரியின் அடுத்த பாதியில் மெஷின் நிற்கவில்லை. ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே சீராக உறுமியது. குளிர் அறைக்குள் நின்றபோதும் அதே உறுமல் அவள் பல்லில் அதிர்ந்தது.

“இந்த மெஷின் எப்பயாவது நிக்குமா?” என்று பெட்டி அடுக்கிய ஆள் ஒருவரிடம் கேட்டாள்.

“நிண்டா ஐஸ் தண்ணியாப் போயிடுமே தங்கச்சி. கொரோனாக்கே நிக்கல்ல.”

அவள் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். சுவரும் உறுமியது.

நானா இறந்த அன்று அவள் அக்கரையில், மூதூர் இறங்குதுறையில் இருந்தாள். பின்னேரம் நாலு மணி பத்து. பக்கத்துப் படகின் எஞ்சின் நின்ற கணத்தில் திருமலைப் பக்கமிருந்து நானாவின் குரல் கேட்டது. ‘சரி, வாறன்.’ அவ்வளவுதான். குரலைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. பஞ்சு அடைத்த பெட்டிக்குள்ளிருந்து பேசியது போலிருந்தது. அதையும் அவள் பொலிஸில் சொன்னாள். பஞ்சு அடைத்த பெட்டி என்றால், குளிர் அறைக்குள் நுழைந்துகொண்டே சொல்லியிருப்பார்தானே என்றார்கள். நானாவின் போனை எடுத்துப் பார்த்தார்கள். நாலு ஒன்பதுக்கு ஒரு அழைப்பு வந்திருந்தது. ஒரு நிமிடப் பேச்சு. அழைத்தவன் முனாஸ், அவளுடைய சொந்தத் தம்பி. இரண்டு கிழமைக்கு முன் பள்ளிவாசல் முற்றத்தில் அவனுக்கும் நானாவுக்கும் வாய்த்தர்க்கம் நடந்ததை ஊரே பார்த்திருந்தது.

முனாஸ் உள்ளே கூப்பிட்டான், நானா ‘வாறன்’ என்றார், போனார், செத்தார் என்று பொலிஸ் அவனைப் பிடித்து அடைத்தது. அவள் காது பிழைக்காது என்பது ஊருக்கெல்லாம் தெரியும். நாளைக்கு வழக்குத் தவணை. அவளது வாக்குமூலத்தை நீதவான் முன் வாசிப்பார்கள். அதோடு முனாஸின் கதை முடிந்தது.

ஒரு நிமிடமும் ஓயாத மெஷின் பக்கத்தில் உறுமுகிற அறை, எப்படி அவள் காதுக்குப் பஞ்சு அடைத்த பெட்டியாகக் கேட்டது?

“நான் மறியலுக்குப் போறன், முனாஸைப் பாக்க,” என்றாள். “அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ றுவைஸ். வழியில அடிபடாதீங்க. அடிபட்டா எனக்குக் கேக்கும்.”

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முனாஸ் மெலிந்து தெரிந்தான். ஆறு நாளில் ஒரு மனிதன் இவ்வளவு மெலிவானா? அவள் கொண்டுபோன சோற்றுப் பார்சலைக் காவலாளி விரலால் கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே கொடுத்தான்.

“ஆரு ராத்தா கட்டினது? கத்தரிக்காய்ப் பால்கறி மணக்குது.”

“மச்சான்தான். காலையில எழும்பிச் சமைச்சவர். எனக்கும் ரெண்டு இடியப்பம் ஊட்டிவிட்டார், காது நோவோட ஐஸ் பக்டரிக்குப் போகவேணாம் எண்டு ஒரே புத்தி.”

“ஸஜ்ஜாத் மச்சான் தங்கம். நீங்கதான் அவருக்குச் சரியில்ல.”

அவள் சிரிக்க முயன்றாள். ஸஜ்ஜாத் துறைமுகத்தில் கிளியரிங் கந்தோரில் கிளாக்கர். நிக்காஹ் முடிந்த இரவு அவன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். ‘நீ ஊரெல்லாம் கேளு. வீட்டைக் கேக்காத. ஒரு மனுசனுக்கு நாலு சுவருக்குள்ளயாவது தனியா இருமோணும்.’ அவள் வாக்குக் கொடுத்தாள். பதினெட்டு வருடமாகக் காத்த வாக்கு. எங்கே போனாலும் அந்தப் பக்கம் காதை மூடிக்கொண்டுதான் போவாள்.

“முனாஸ், இன்னொருக்காச் சொல்லு. போனில நானா என்ன சொன்னவர்?”

“நூறு தரம் சொல்லிட்டன் ராத்தா. நான் மன்னிப்புக் கேக்கத்தான் எடுத்தனான். அவர், ‘இப்ப கதைக்க ஏலாதுடா தம்பி, ஒரு வீட்டில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்’ எண்டார். வைச்சிட்டார். ‘வாறன்’ எண்டு அவர் எனக்குச் சொல்லல்ல. ஆனா ஆரு நம்புற? உங்கட காதுதானே சாட்சி.”

காவலாளி மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினான்.

“சரி,” என்று அவள் எழுந்தாள். “நான் வாறன்.”

முனாஸ் வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு சோர்வாகச் சிரித்தான். “எங்க வாறியள்? போறியள்.”

அவள் இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டு வைக்க முடியவில்லை.

பொலிஸ் நிலையத்தில் அவள் தமிழில் சொல்லச் சொல்ல, எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். ‘மம எனவா’ என்று எழுதி வாசித்துக் காட்டினார். நான் வருகிறேன். சரிதானே? சந்தைச் சிங்களம் தெரிந்த சுஹைரா சரி என்றாள். கையெழுத்துப் போட்டாள். சிங்களத்தில் விடைபெறுகிற ஆள் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று முழுதாகச் சொல்வார். நாங்கள்தான் முன்பாதியை விழுங்கிவிட்டு ‘வாறன்’ என்கிறவர்கள். எழுத்தில் விழுந்த பிறகு அவளுக்கும் அது ‘வருகிறேன்’ ஆகவே கேட்டது. தான் காதால் கேட்டதை விட்டு, தாளில் கண்டதை நம்பினாள்.

நானா எங்கேயும் வருகிறேன் என்று சொல்லவில்லை. எங்கிருந்தோ வெளிக்கிட்டிருக்கிறார். ஒரு வீட்டிலிருந்து. யாரிடமோ, ‘சரி, வாறன்’ என்று விடைபெற்றுக்கொண்டு.

அவரைக் கொன்றவர்களுக்கு, அவர் எந்த நிமிடத்தில் எந்த வாசலில் இறங்குகிறார் என்று சொல்லிக் கொடுத்த ஆள் அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

ஓட்டோவை ஓட்டிக்கொண்டுபோய் கடற்கரை வீதியில் ஒரு வேம்பு நிழலில் நிறுத்தினாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. எஞ்சினை நிறுத்தினாள். அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது. அதற்கும் களைப்பாக இருந்தது. சீற்றில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஊரைக் கேட்டாள்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கிலி இறக்கியது. ஆஸ்பத்திரியில் கிறிஸ்தோபர் தாதியிடம், “மெல்லத் தொடு மகள், அது இரும்பில்ல,” என்றார். றுவைஸ் அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கோணேசர் கோயில் பக்கம் மான் ஒன்று பொலித்தீன் பையை மென்றது. மீன், சைக்கிள், பள்ளிக்கூட மணி, கிணற்று வாளி, சண்டை, சிரிப்பு. ஒரு அங்குலம்கூட ஊமையாக இல்லை. பஞ்சு அடைத்த இடம் ஒன்றும் இந்த ஊரில் கிடையாது.

ஒன்றைத் தவிர.

அவளே பஞ்சு அடைத்து வைத்திருந்த இடம் ஒன்று இருந்தது. மூன்று தோழர்களின் குரலுக்கு மட்டும் அவள் எங்கேயும் பூட்டுப் போட்டதில்லை. அதனால்தான் அன்று அந்தப் பஞ்சையும் தாண்டி நானாவின் குரல் மட்டும் தனியாக வந்து விழுந்தது.

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாக்கை மீறினாள்.

முதலில் சுவர் மணிக்கூடு கேட்டது. அது இவ்வளவு சத்தமாக ஓடுமென்று அவளுக்குத் தெரியாது. குசினியில் குழாய் சொட்டியது. பிறகு தாழ்ந்த குரலில் ஒருவர் போனில் கதைத்தார். தூக்கத்திலும் அவள் அடையாளம் காணுகிற குரல்.

“...பத்து எண்ணிக்கைதான் எண்டு அவ எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொன்னனான்தானே. நீங்க உத்தரத்தை ஒழுங்கா அறுக்காததுக்கு நான் என்ன செய்ய? ...இல்ல, அவக்கு ஒண்டும் ஆகப்படாது எண்டுதான் போகவேணாம் எண்டனான், கேக்கல்ல. ...நானாட விசயத்தையும் என்ட தலையில போடாதீங்க. ஜும்ஆ தொழுகை முடிஞ்சு கையைப் பிடிச்சவர், படகு விசயத்தைக் கண்டுபிடிச்சிட்டார். பின்னேரம் வந்தார். ‘நீயே அவளிட்டச் சொல்லு, ஒரு நாள் தாறன்’ எண்டார். தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பினார். வெளிக்கிடுறார் எண்டு மட்டும்தான் நான் உங்களுக்குச் சொன்னனான்...”

சுஹைரா கண்ணைத் திறந்தாள். கடல் அப்படியே நீலமாகக் கிடந்தது. காதை மறுபடி மூடிக்கொள்ள அவளால் முடியும். மூடினால் நாளை முனாஸ் போவான். மூடாவிட்டால்...

போனை எடுத்து இன்ஸ்பெக்டரின் நம்பரை அழுத்தினாள்.

“சொல்லுங்க மிஸ்,” என்றார் அவர், திக்கித்திக்கிப் பழகிய தமிழில். “ஐஸ் பக்டரி விழுந்தது எண்டு கேட்டது. எல்லாம் சரியா?”

“ஸேர், என்ட வாக்குமூலத்தில ஒரு சொல்லை மாத்தோணும்.”

“இப்ப? நாளைக்கு வழக்கு. எந்தச் சொல்?”

“எனவா எண்டு எழுதின சொல். அது பிழை. ஜவ்பர் நானா வரல்ல ஸேர், போனவர். ஒரு வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டு, பயணம் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டவர். முனாஸ் அவரை எங்கயும் கூப்பிடல்ல. அந்த வீட்டு ஆள்தான் கொன்ற ஆக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பேனை மூடி திறக்கும் சத்தமும் கேட்டது.

“சரி மிஸ். மெதுவா சொல்லுங்க, நான் எழுதுறது. ஆர் வீடு?”

“எழுதுங்க ஸேர்,” என்றாள் சுஹைரா. “என்ட வீடு. நானா வாறன் எண்டு சொன்னது என்ட மனுசனிட்ட.”