போட்டோவுக்கு அடுக்கிய கல்

“ஏங்க, எந்திரிங்க! அந்தப் பூ எங்கேயும் ஓடிப் போயிடாது. நாமதான் மழைக்கு முன்னாடி கீழ போய்ச் சேரணும்.”

மனைவி சத்தம் போட்டபோது கணவர் மலை முகட்டின் நட்டநடுவே, பாறைமேல் குப்புறப் படுத்திருந்தார். மூக்குக்கு நேரே ஒரு விரிசல். அதற்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு ரோஜா நிறத்தில் ஒரு பூ. அதன் காம்பில் ஓர் எறும்பு ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தது. நாற்பத்தைந்து வயது மனிதர், முதுகில் மூட்டையோடு, அந்த எறும்பு மேலே போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்தார்.

அவர் லிப்ட் மெக்கானிக். வருஷம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாக மல்லுக்கு நிற்கிறவர். ஆகாயத்தைக் கண்டுவிட்டால் அவருக்குக் கால் தரையில் பாவாது. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு, நாள்கணக்கில் நடக்கிற மலைப்பாதை ஒன்றைத் தேடிப் பிடித்து, மனைவியையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவள் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் இருக்கிறாள். “உட்காருங்க, கூப்பிடுவாங்க” என்று ஊரையே காக்க வைக்கிறவளுக்குத் தான் காத்திருப்பது மட்டும் ஆகவே ஆகாது. அவளுக்கு மலை பிடிக்கும். மலையில் எடுத்த போட்டோ இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

“உங்களுக்குப் பூச்சிதான் பொண்டாட்டி. நீங்க குடும்பம் நடத்துங்க, நான் போறேன்.”

“போ, போ. விடுதியில எனக்கும் சேர்த்துக் காபி சொல்லி வை. காபி வர்றதுக்குள்ள வந்துடறேன்.”

அவள் விறுவிறுவென்று நடந்தாள். முந்தின நாள் உச்சிக்கு ஏறிய அதே வழிதான். முகடு முழுக்க வெறும் பாறை. கால் பட்டுத் தேய்ந்த தடம் என்று எதுவும் கிடையாது. அதனால் அங்கே கல்லைக் குவித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஒரு குவியலிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும். வழிக்கல் என்று அதற்குப் பெயர். கடந்து போகிறவர் ஒவ்வொருவரும் அதன்மேல் ஒரு கல் வைத்துவிட்டுப் போவது வழக்கம். காற்றிலும் மழையிலும் சரிந்தது நிரம்ப வேண்டுமே! மேகம் இறங்கிவிட்டால் வழிக்கல்லைத் தவிர எதையும் நம்பாதே என்பது மலை நடக்கிற அத்தனை பேருக்கும் பாலபாடம்.

ஓரிடத்தில் பாதை இடப்பக்கம் திரும்பி, விடுதியை நோக்கி இறங்குகிறது. வலப்பக்கம் ஒரு பாறை வெளியே நீண்டு போய், சட்டென்று முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் பள்ளம். அங்கே நின்றால் மலைக்குப் பின்னால் மலையாகத் தெரியும். முந்தின நாள் கணவர் ஏதோ ஓணானைப் பார்த்துக்கொண்டு வெகு பின்னால் நின்றுவிட்டபோது, அந்த வலப்பக்கத்தில்தான் இவள் ஏழெட்டுக் கல்லை அழகாக அடுக்கிப் போட்டோ எடுத்தாள். எடுத்த பிறகு கலைக்க மனசு வரவில்லை.

இன்றைக்கு வந்து பார்த்தால், அது முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது! உச்சிக்குப் போனவர்களும் வந்தவர்களும் இதையும் வழிக்கல் என்று எண்ணி, கடமை தவறாமல் ஆளுக்கொரு கல் வைத்திருக்கிறார்கள். வெயிலில் யாருக்கும் ஆபத்தில்லை, பள்ளம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே. “பரவாயில்லையே, நம்ம கோபுரம் வளர்ந்துடுச்சே” என்று அவளுக்கு ஒரே பெருமை. இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டு இடப்பக்கம் இறங்கினாள்.

விடுதியில் காபி வந்தது. கூடவே மேகமும் வந்தது. முதலில் எதிரே இருந்த விறகுக் கொட்டகை மறைந்தது, பிறகு வாசற்படியே மறைந்தது. அவருடைய காபியில் ஆடை படிந்து, சுருங்கி, அதுவும் ஆறிப்போனது. அவள் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள்.

“வந்துடுவாரும்மா. மேகத்துல நடக்கத் தெரியுமில்ல அவருக்கு?” என்று கேட்டார் விடுதிக்காரர்.

“தெரியும். வழிக்கல்லைப் பாக்காம ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்...”

சொன்ன வாய் அப்படியே நின்றது. வலப்பக்கம் வளர்ந்து நின்ற தன் கோபுரம் நினைவுக்கு வந்தது.

விடுதிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. “அப்ப முகட்டுல தப்ப வாய்ப்பே இல்ல. இறங்கி வந்தவர் விடுதி தெரியாம தாண்டிக் காட்டுப் பக்கம் போயிருப்பார்” என்று சொல்லிவிட்டு, சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு, கயிற்றையும் எடுத்துக்கொண்டு கீழே கிளம்பிவிட்டார்.

இல்லை, மேலே போங்கள் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யார் வைத்தது என்று கேட்பார்களே! புருஷன் உயிருக்குப் போராடுகிற நேரத்தில்கூட மனிதருக்கு மானம் குறுக்கே வந்து நிற்கிறது பாருங்கள். விசில் ஊதிக்கொண்டே மரங்களுக்கு நடுவே அவர்கள் தேடினார்கள். அவளும் பின்னாலேயே ஓடினாள். குளிர் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு மரத்தடியில் அவள் விடுதிக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இங்க இல்லீங்க! மேல போகணும். அந்தத் திருப்பத்துல வலது பக்கம் ஒரு கல்லுக் குவியல் இருக்கு.”

விடுதிக்காரர் திரும்பினார். “வலது பக்கமா? அங்க நாங்க வைக்கலையே. எவன் வச்சான்?”

“யாரோ...” என்றாள்.

விடுதிக்காரர் மேட்டில் ஓட ஆரம்பித்தார்.

திருப்பத்துக்கு வந்தபோது இடப்பக்க வழிக்கல் கண்ணுக்கே தெரியவில்லை. வலப்பக்கக் குவியல் மட்டும் மேகத்துக்குள் ஓர் ஆள் குந்தியிருப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது. விடுதிக்காரர் விசில் ஊதினார். பதில் இல்லை. மறுபடி ஊதினார். அவள், “ஏங்க! ஏங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். கீழே எங்கோ, கைத்தடியால் பாறையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“யாருங்க மேல? அந்தக் கல்லைத் தாண்டி வராதீங்க!”

“நான்தாங்க!”

 “நீயா... கதவு திறந்துச்சுன்னு காலை வச்சேன்டி. உள்ள லிப்ட் இல்ல” என்றார். வலியிலும் அவருக்குக் கேலி போகவில்லை.

விடுதிக்காரர் கயிற்றில் இறங்கிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, உதடு நீலம் பாரித்துவிட்டது, படுத்திருக்கிற பாறை ஒரு பெஞ்சு அகலம்தான். “கீழேர்ந்து ஆள் வர்ற வரைக்கும் இவர் தாங்க மாட்டார். உங்க ரெண்டு பேரால தூக்கவும் முடியாது.”

“என்னத் தூக்கறது இருக்கட்டும்” என்றது கணவரின் குரல். “மொதல்ல அந்தக் கல்லைக் கலைங்க. பின்னால வர்றவங்களுக்கு ஆகட்டும்னு நானும் ஒண்ணு வச்சுட்டுத்தான் வந்தேன். என்னால எவனாவது விழுந்துட்டா...” அவர் அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை.

அவள் மண்டியிட்டாள். பள்ளத்தின் பக்கம் ஒரு கல்லும் உருண்டுவிடாமல், ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் எறிந்தாள். நகம் பிய்ந்தது. மேலே இருந்தவையெல்லாம் மற்றவர்கள் நம்பி வைத்தவை. அடியில் வந்த ஏழெட்டும் அவளுடையவை. தட்டையாக, அழகாகப் பொறுக்கியெடுத்தவை. தொடவே அருவருப்பாக இருந்தது. இப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதுமில்லை.

அந்த நேரத்தில் மேகத்துக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. உச்சியிலிருந்து திரும்புகிற ஒரு கூட்டம். சமையல்காரர் போட்ட கூச்சலில் மூட்டைகளை எறிந்துவிட்டு ஓடி வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து கயிற்றைப் பிடித்தார்கள். விடுதிக்காரர் கீழே அவரைக் கட்டிக்கொடுக்க, அங்குலம் அங்குலமாக மேலே இழுத்தார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் அவர் போட்ட அலறல் அவள் காதைவிட்டு இனி ஒருநாளும் போகாது. உயிரோடுதான் வந்தார்.

கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்தபோது, அவர் கண் பாதி மூடியபடி, முன்பின் தெரியாத அந்த மனிதர்களைப் பார்த்துக் கைகூப்ப முயன்றார். “மன்னிச்சுடுங்க. அங்க நான் ஒரு கல்லு வச்சுட்டேன். உங்களையும் கொன்னிருப்பேன்.”

“நீங்க என்னங்க பண்ணுவீங்க? எந்தப் பாவியோ அடியில வச்சுட்டுப் போயிருக்கான்” என்றார் ஒருவர்.

“எந்தப் பாவியோ இல்லீங்க” என்றாள் அவள். கணவரின் கை அவள் கைக்குள் சில்லிட்டுக் கிடந்தது. அந்தக் கை அசைந்ததையும், அவர் கண் திறந்து தன்னையே பார்ப்பதையும் உணர்ந்துகொண்டேதான் சொன்னாள். “நான்தான். நேத்து. போட்டோவுக்காக. அவர் வச்சது, நீங்க வச்சது எல்லாம் அடுத்தவனுக்கு உதவணும்னு வச்சது. நான் வெறும் அழகுக்காக வச்சேன். வழி தெரியாதவன் உசுரையே நம்பி வைக்கிற அடையாளத்தை, விளையாட்டுக்குக்கூடப் பொய்யா வைக்கக் கூடாதுங்க. நாம சிரிச்சுட்டுப் போயிடறோம். நம்பி வர்றவன்தான் விழறான்.”