சோளக்காட்டுக்குள் இருபத்துமூன்று பிள்ளைகள்

பள்ளிக்கூடத்தில் இருபது பிள்ளை இல்லாவிட்டால் பூட்டு. டவுன் பள்ளிக்குப் போகிற வழியில் சோதனைச்சாவடி. அடையாளக் காகிதமில்லாத பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள். ஊர்த்தலைவி நாங் ஸெங்குக்கு மூன்று மாதமாக இதே கவலை.

இத்தனைக்கும் ஊரில் பிள்ளைக்குப் பஞ்சமில்லை. காடு வெட்டிக் குடியேறிய பழைய ஷான் இனக் குடும்பத்து வாரிசுகள் சியாங்மாய்க்கும் பாங்காக்குக்கும் போய்விட்டார்கள். அவர்கள் பூட்டிப்போன வீடுகளில், எல்லை மலைக்கு அந்தப் பக்கத்துச் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் அடுப்பு மூட்டினார்கள். பதிவேட்டில்தான் ஊர் காலி. நேரில் கொடியில் துணி காயாத வீடு கிடையாது.

கல்வி அதிகாரி பிள்ளைகளை எண்ண வருவதை நாங் ஸெங் கூட்டம் போட்டு மூன்று தரம் சொன்னாள்.

“ஒளிஞ்சு தொலைக்காதீங்க. காகிதம் இருக்கோ இல்லையோ, எல்லாப் பிள்ளையும் பெஞ்சுல உக்காரணும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். மேட்டில் காவலுக்கு நின்ற சாய் தூன் மட்டும் கூட்டத்தில் இல்லை. புது வண்டியைக் கண்டால், காகிதமில்லாதவர்கள் ஒளிந்துகொள்ள மூங்கிலைத் தட்டுவது அவன் வேலை. அவனுக்குத் தனியாகச் சொல்லவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, தலைவி உட்பட.

ஜீப் வளைவு திரும்பியதும் அவன் தட்டிவிட்டான். தலைவி பேச்சா, மூங்கில் சத்தமா என்றால் இந்த ஊர் எதைக் கேட்கும்? தாய்மார்கள் வகுப்புக்குள் புகுந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சோளக்காட்டுக்குள் மறைந்தார்கள்.

பெஞ்சில் மிச்சம் காகிதமுள்ள பதினொன்று. அதிகாரி நல்ல மனுஷர், அரைமணி நேரம் காத்திருந்தார். நாங் ஸெங் வரப்பில் நின்று ஒவ்வொரு பேராகத் தொண்டை கிழியக் கத்தினாள்.

“அடேய், வாங்கடா! பிடிக்க வந்த ஆளில்ல, எண்ண வந்த ஐயா!”

ஒரு தோகை அசையவில்லை.

“நான் பாத்த தலையத்தானேம்மா எழுத முடியும்?” என்று அவர் பதினொன்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஜீப் சத்தம் ஓய்ந்தபிறகு இருபத்துமூன்று பிள்ளைகளும் தாய்மாரோடு வெளியே வந்தார்கள். நாங் ஸெங்குக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணை இருட்டியது.

“நாசமாப் போச்சு! என் குரல்கூடவா தெரியல உங்களுக்கு?”

போன மழைக்கு முன் வந்துசேர்ந்த நாங் லாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“தெரியாமலா அக்கா? வந்த அன்னிக்கே நீங்கதானே சொன்னீங்க, பிடிக்க வர்றவன் உங்களையே மிரட்டிக் கூப்பிட வைப்பான், நீங்களே கூப்பிட்டாலும் வரக்கூடாதுன்னு. எம்மாடி, என்ன கத்து கத்தினீங்க! ஒத்தப் பிள்ளை இருமலையே அக்கா.”

பிள்ளைகள் தலைவியின் வாயையே பார்த்து நின்றன.

“நல்லாத்தான் ஒளிஞ்சீங்க,” என்று சொல்லிவிட்டு, அவள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.